நான்கு ஸ்டிக், ஒரு வோல்டேஜ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் அனிமேஷன் படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்பதையும், அவளுக்கான கணினியை நீயே உட்கார்ந்து அசெம்பிள் செய்தாய் என்பதையும் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ராம் ஸ்டிக் லேபிளில் இருக்கும் பொடி எழுத்தை லென்ஸ் இல்லாமல் படிக்க முடிகிறது.

பெட்டியில் எழுதிய வேகத்தில் ராமை ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டு 6000 வேகத்தில் ஓடுகிறது, ஆனால் நீண்ட ரெண்டரிங்கின் (அனிமேஷன் காட்சிகளைக் கணினி கணக்கிட்டு உருவாக்கும் வேலை) நடுவில் நின்றுவிடுகிறது, ராம் வோல்டேஜை 1.45 ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்யாதே. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

உன் கணினியில் இருக்கும் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ராமுக்கு விதிக்கப்பட்ட அழுத்தம் 1.1 வோல்ட். உன் ஸ்டிக்கின் எக்ஸ்போ 1.35 கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதாவது நீ எதையும் தொடுவதற்கு முன்பே கால் வோல்ட் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. டிடிஆர்4 காலம் வரை ராமுக்கான மின்சாரத்தை மதர்போர்டே சீராக்கி அனுப்பியது. இப்போது அந்த வேலையைச் செய்யும் சிப் ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. போர்டு 5 வோல்ட் கொடுக்கிறது, ஸ்டிக் தனக்கு வேண்டியதைத் தானே இறக்கிக்கொள்கிறது. வோல்டேஜை ஏற்றினால் மெமரி சிப்களின் சூடும் இந்தச் சிப்பின் சூடும் சேர்ந்து அந்தக் குறுகிய பலகையின் மேல்தான் இறங்கும்.

சூட்டைப் பற்றி நாம் இருவருமே அந்த நாட்களில் போதுமான அளவு கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன். ராமில் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய ஒரு மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம்தான். அது ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்து தீர்வதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். அதற்காகத்தான் டிடிஆர்5-இல் சராசரியாக 3.9 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் கட்டளை போகிறது. டிடிஆர்4-இல் இது 7.8. சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். வேகத்துக்காக இந்த இடைவெளியை நீட்டி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நிலைத்தன்மை வேண்டும் என்று ஏற்றிய வோல்டேஜே சூட்டைக் கூட்டி, அந்தச் சூடே பிழைகளைக் கொண்டுவருவது இப்படித்தான். உன் கணினியில் காலையில் ஒழுங்காக ஓடும் ராம் ரெண்டரிங்கில் தடுமாறுகிறதென்றால், கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பக்காற்று நேராக ஸ்டிக்குகளின் மேல் படுகிறதா என்று முதலில் பார். டிடிஆர்5 ஸ்டிக்குகளில் வெப்பநிலை சென்சார் இருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்டிக்கின் சூடும் தனித்தனி வரியாகத் தெரியும். ரெண்டரிங் ஓடும்போதே அதைக் குறித்துக்கொள்.

இன்னொன்று, வோல்டேஜ் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை. நாம் ஆசை ஆசையாகத் தேடி வாங்கிய, சாம்சங்கின் பி-டை சிப் உள்ள டிடிஆர்4 ராம் நினைவிருக்கிறதா? வோல்டேஜ் கொடுக்கக் கொடுக்க சிஎல் (கேட்ட தரவை ராம் தருவதற்கு ஆகும் தாமதம்) இறங்கிக்கொண்டே வரும். அந்த அனுபவம்தான் நம் தலைமுறைக்கு இந்தப் பழக்கத்தை உண்டாக்கியது. ஆனால் அதே சாம்சங்கின் சி-டை 1.35-ஐத் தாண்டினாலே தகராறு செய்யும். மைக்ரானின் ரெவ்-ஈ வேகத்தில் வெகு தூரம் போகும், சிஎல்லும் இறங்கும், ஆனால் டிஆர்சிடி என்ற இன்னொரு தாமதம் மட்டும் எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் அசையாது. எந்த நிறுவனத்தின் எந்தச் சிப் என்று தெரியாமல் சொல்லப்படும் எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

இனி எனக்கு உண்மையாகவே கவலை தருவது: எஸ்ஓசி வோல்டேஜ். இது ராமுக்குப் போவதில்லை, பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குப் போகிறது. எக்ஸ்போவைப் போட்டதும் பல போர்டுகள் இதையும் தாமாகவே ஏற்றிவிடும். ‘ஆட்டோ’ என்றுதான் திரையில் இருக்கும். எவ்வளவு போகிறது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். 2023-இல் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகிப்போன செய்தியை நீயும் படித்திருப்பாய். அதன் பிறகு ஏஎம்டி புதிய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாக எஸ்ஓசியை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி பூட்டியது. நீ பயாஸைப் புதுப்பித்தாயா என்று எழுதவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய். பிறகு எஸ்ஓசியை ஆட்டோவில் விடாமல் 1.2 என்று கையால் எழுதிவை. 6000 வேகத்துக்குப் பெரும்பாலும் அது போதும்.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். கடைசிப் பக்கத்தில், வேறு பேச்சுக்கு நடுவில், “போன மாதம் அதே ராமில் இன்னொரு ஜோடி வாங்கி மீதி இரண்டு ஸ்லாட்டிலும் போட்டுவிட்டேன்” என்று ஒரு வரி இருக்கிறது. உன் சிக்கலின் வேர் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் 6000 என்பது இரண்டு ஸ்டிக்குகளுக்குச் சோதித்துக் கொடுத்த வாக்கு. நான்குக்கு அது பொருந்தாது. ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளும் வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. அதே மாடல் எண் உள்ள இரண்டு ஜோடிகளுக்குள்ளே வேறு வேறு சிப்கள் இருப்பதும் உண்டு. ஒரே சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில், இரண்டு ஸ்டிக் தொங்கும்போது சிக்னல் கலங்குகிறது. 1.45 என்ன, அதற்கு மேல் கொடுத்தாலும் அந்தக் கலக்கம் தெளியாது.

ஆகவே புதிதாக வாங்கிய இரண்டையும் கழற்றிவிடு. மற்ற இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடு. முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். ராமோடு ஒத்துப்போகக் கணினி தன்னைச் சரிசெய்துகொள்ளும் மெமரி டிரெய்னிங் நடக்கிறது, பதறிப்போய் சுவிட்சை அணைத்துவிடாதே. பிறகு ராமைச் சோதிக்கும் நிரலான மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓர் இரவு ஓடவிடு. அதோடு நிறுத்தாமல், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற சோதனை நிரலையும் ஓட்டு. பென் டிரைவிலிருந்து ஓடும் சோதனையில் கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், அதனால் உண்மையான சூடு அங்கே தெரியாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதே. அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் சரிசெய்யும். சிப்பிலிருந்து பிராசஸர் வரை உள்ள பாதையில் நடப்பதற்கு அது பொறுப்பில்லை.

கணினி நின்றுபோவதைப் பற்றி நான் பயப்படவில்லை. நிற்காமல் ஓடி, தப்பான ஒரு பிட்டோடு கோப்பைச் சேமித்துவிடுவதுதான் பயம். பல வாரங்கள் கழித்து அவள் அந்தப் புராஜெக்டைத் திறக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பேக்கப்பிலும் அதே கெட்ட கோப்பு உட்கார்ந்திருக்கும். இந்தச் சோதனைகள் முடியும் வரை அவளுடைய வேலை எதையும் அந்தக் கணினியில் சேமிக்க விடாதே.

இரண்டு ஸ்டிக்கில் பிழை இல்லையென்றால், வோல்டேஜை ஏற்றுவதற்குப் பதிலாக இறக்கிப் பார். 1.35-லிருந்து 0.01, 0.02 என்று குறைத்துக்கொண்டே போய், பிழை தலைகாட்டும் இடத்துக்கு இரண்டு படி மேலே நிறுத்து. ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுதிவை.

அவளுக்கு நான்கு ஸ்டிக்கின் கொள்ளளவு கட்டாயம் வேண்டுமென்றால், நான்கையும் போட்டு வேகத்தைக் குறைத்துவிடு. ரெண்டரிங்குக்கு மெமரி பற்றாமல் டிஸ்குக்குப் போவதைவிட மெதுவான மெமரி எவ்வளவோ மேல். 6000-இலிருந்து இறங்க உனக்கு மனம் வராது என்று தெரியும். எனக்கும் வராது. ஆனால் இது அவளுடைய வேலைக்கான கணினி. நம் ஆசைக்கு இன்னொன்று கட்டிக்கொள்ளலாம்.

பதில் எழுதும்போது பயாஸ் பதிப்பு, ஆட்டோவில் எஸ்ஓசி எவ்வளவு காட்டியது, ரெண்டரிங்கின்போது ஸ்டிக்கின் சூடு, இரண்டு ஜோடிகளிலும் உள்ள சிப் எது என்ற விவரங்களை மறக்காமல் எழுது. சிபியு-இசட் என்ற நிரலில் எஸ்பிடி பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் சிப் நிறுவனத்தின் பெயர் கிடைத்துவிடும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்