மார்க்கெட் தெரு முனை வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? ஜூலை 4 அன்று வாணவேடிக்கை பார்க்கப் போவதாகச் சொன்னாய். போய் வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் பிலடெல்பியாவில் மார்க்கெட் தெருவும் 7ஆம் தெருவும் சந்திக்கிற முனையில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போ.

1776இல் அங்கே ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத்தான், பின்னால் ஜனாதிபதியான ஜெஃபர்சன், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். வயது 33. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அவர் எழுதியபோது, அவருக்குப் பணிவிடை செய்ய ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைப் பையன் கூட இருந்தான். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், அந்தப் பையனைப் பற்றி ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அதிலிருந்து மனசு ஆறவில்லை.

ஜெஃபர்சனின் வரைவில் அடிமை வியாபாரத்துக்காகப் பிரிட்டிஷ் மன்னரைக் குற்றம் சாட்டும் ஒரு பத்தி இருந்தது. காங்கிரஸ், அதாவது அங்கிருந்த 13 பிரிட்டிஷ் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய சபை, அதை அடித்துவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒப்புக்கொள்ளவில்லை. அடிமைகளைக் கப்பலேற்றிக் காசு பார்த்த வடக்கத்தியர்களுக்கும் அது உறுத்தியது.

சண்டை தொடங்கியது வரியில்தான். பிரான்ஸோடு நடத்திய போரின் கடனை அடைக்க, 1765இல் பிரிட்டன் முத்திரைத்தாள் வரி போட்டது. பார்லிமெண்டில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாதபோது வரி கேட்க நீங்கள் யார் என்று காலனிகள் கேட்டன. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு அது!

பிரிட்டனை விட்டுப் பிரிவது என்று காங்கிரஸ் வாக்களித்த நாள் ஜூலை 2. முந்தின நாள் டெலவர் காலனியின் பிரதிநிதிகள் இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மூன்றாமவர் சீசர் ராட்னி ஊரில் இருந்தார். ஆஸ்துமா, முகத்தில் புற்றுநோய் வேறு. தகவல் போனதும் இடியிலும் மழையிலும் ராத்திரியோடு ராத்திரியாகச் சுமார் 80 மைல் வந்து, பிரிவதற்கே வாக்களித்தார். 13 காலனிகளில் 12 சரி என்றன. நியூயார்க் மட்டும் அன்று வாக்களிக்கவில்லை. எத்தனை தடவை படித்தாலும் அந்த ராத்திரிப் பயணத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அறிவித்தால் மட்டும் ஆகிவிடுமா? அடுத்த வருஷமே பிலடெல்பியாவை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் வேலி ஃபோர்ஜில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்த அமெரிக்கத் தளபதி வாஷிங்டனின் படையில் ஏறக்குறைய 2,000 பேர் நோயிலேயே போய்விட்டார்கள். அப்புறம் பிரான்ஸ் கைகொடுத்தது. 1781இல் யார்க்டவுனில், பிரெஞ்சுக் கப்பல்கள் கடல் வழியை அடைக்க, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, துணைத் தளபதியை அனுப்பி வைத்தார். 1783இல் பாரிஸ் உடன்படிக்கையில்தான் பிரிட்டன் அந்த விடுதலையை ஒப்புக்கொண்டது.

அதே கார்ன்வாலிஸ்தான் பிறகு கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து, 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்தவர். சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போனது அப்போதுதான். இன்னொன்றும் கேள். 1782 ஏப்ரலில் உங்கள் டெலவர் வளைகுடாவில் ஒரு பென்சில்வேனியக் கப்பல், தன்னைவிடப் பலமான பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. ஜெயித்த கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. இரண்டு வருஷத்துக்கு முன் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை அவரிடம் தோற்றிருந்ததே, அந்த ஹைதர் அலிதான்.

ராபர்ட்டுக்கு விடுதலை கிடைத்தது 1794இல், பிரகடனத்துக்கு 18 வருஷம் கழித்து. அந்த வீட்டை இப்போது திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே அவன் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து, போனில் சொல்.

அன்புடன்,
அம்மா