கேட்காமலே பழி பத்தியத்தின் மேல்

அன்புள்ள மகளுக்கு,

மூன்று வாரம் மருந்து கொடுத்தும் மூட்டு வீக்கம் வடியவில்லை, நோயாளி பத்தியத்தைக் கடைப்பிடித்திருக்க மாட்டார் என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். அவரிடம் கேட்டாயா? கேட்டறிந்து சொன்னால் அது மருத்துவக் கணிப்பு. கேட்காமலே சொன்னால், நம் மருந்து பலிக்கவில்லையோ என்ற பயத்திலிருந்து மனசு நழுவுகிற வழி. உளவியலில் இதைக் காரணம் கற்பித்தல் என்பார்கள்; பயத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனசு கையாளும் தற்காப்பு வழிகளில் ஒன்று.

இது நோயல்ல, எல்லோர் மனசும், பெரும்பாலும் நமக்கே தெரியாமல், செய்வதுதான். ஆனால் சித்த மருத்துவம் படிப்பவர்களுக்கு இதற்குத் தீனி அதிகம். நாடியையே எடுத்துக்கொள். நாடித் துடிப்பின் அளவான மாத்திரைக் கணக்கில் வாதம் 1, பித்தம் ½, கபம் ¼ என்று மனப்பாடம் செய்துவிடலாம்; விரலுக்கு அது லேசில் பிடிபடாது. ஆசிரியர் "பித்தம்" என்றதும் உனக்கும் பித்தமாகவே தட்டும். அதனால் அவர் வாய் திறக்குமுன் உன் கணிப்பைத் தாளில் எழுதிவிடு. தவறிப்போனால், அந்த நொடி மனசில் வந்த சமாதானத்தையும் பக்கத்திலேயே எழுது: "படியேறி வந்த களைப்பு", "சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்". ஒரு மாதத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார். உன் மனசுக்குப் பிடித்த சாக்கு எது என்று தெரிந்துவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, வெளியார் நம் மருத்துவத்தைக் கேலி செய்தால் பதிலுக்கு நம் மனசில் எழுவது: நம்முடையது எல்லாம் நல்லது, அவர்களுடையது எல்லாம் கெட்டது. "எங்கள் மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது" என்ற வீம்பு அங்கேதான் பிறக்கிறது. சுத்தி, அதாவது நச்சு நீக்கும் பக்குவம், சரியில்லாத பாதரச மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீம்பில் இருப்பவருக்கு சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லத் தோன்றாது. நஷ்டம் நோயாளிக்கு.

பயத்தை ஒடுக்குவது வேறு, ஒத்திவைப்பது வேறு. "தேர்வைப் பற்றி இரவு 8 மணிக்கு யோசிக்கிறேன்" என்று தெரிந்தே தள்ளிவைத்து, 8 மணிக்கு உட்கார்ந்து யோசித்தால் அது பக்குவம். உட்காராவிட்டால் வெறும் தட்டிக்கழிப்பு. சிரிப்பும் உதவும், உன்னைப் பார்த்தே நீ சிரிக்கும்வரை. நோயாளியைச் சொல்லிச் சிரித்தால் அது மட்டம்தட்டல்.

மனசின் இந்தத் தற்காப்பு வழிகளை அளக்க, ஆய்வுக்கென்று 40 கேள்விப் படிவம் தந்தால் தயங்காமல் நிரப்பு. 1993-ல் வந்த வடிவம். 20 தற்காப்பு வழிகள், ஒவ்வொன்றுக்கும் 2 கேள்விகள், 1 முதல் 9 வரை மதிப்பெண். இரண்டே கேள்வியில் வரும் எண்ணை வைத்து உன்னை நீயே எடை போடாதே. வகுப்பு மொத்தத்தின் போக்கை அறியத்தான் அது லாயக்கு. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் படிவமெல்லாம் வேண்டாம், நேரே மனநல மருத்துவரைப் பார்.

அன்புடன்,
அம்மா