சிவப்பு முடியவில்லை, கீழே கிடக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த வாரம் இலையுதிர்காலப் படங்கள் பற்றி வந்த குறிப்பில் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நெடுமரங்களுக்கு அகலக்கோண லென்ஸ், தரையில் கிடக்கும் இலைகளுக்கு நின்றபடியே 'சூம்' என்று எழுதியிருந்தீர்கள். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவன் நான். அகலக்கோண லென்ஸின் குணத்தை மணவறைக்கு முன்னால் நின்று படித்தேன். குழுப்படத்தில் ஓரமாக நிற்கும் பெரியம்மாவை அது இரண்டு பங்கு பருமனாக்கிவிடும். அல்பம் கொடுக்கப் போகும்போது அவர் முகத்தில் விழிக்க முடியாது. மனிதருக்கு ஆகாத அந்தக் குணம் சருகுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

காட்சி முழுவதையும் அடைப்பதற்குத்தான் அந்த லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கிட்டப் போவதற்குத்தான் அது. நின்றபடி 16 மில்லிமீற்றர் அகலக்கோண லென்ஸில் எடுத்தால் இலையெல்லாம் பொட்டுப் பொட்டாக விழும். படுத்து, ஓர் இலைக்கு ஒரு சாண் தூரத்தில் கமராவை வைத்தால், உள்ளங்கை அகல இலை பின்னால் நிற்கும் மரத்தைவிடப் பெரிதாகிவிடும். அது எந்த மரத்திலிருந்து விழுந்தது என்பதும் அதே படத்தில் இருக்கும். சூம் லென்ஸ் இலையைத் தரும், காட்டைத் தராது.

அந்த லென்ஸின் ஒளித்துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி, முக்கால் மீற்றருக்குச் சற்றே அப்பால் குவியப்படுத்தினால், ஏறக்குறைய 40 சென்றிமீற்றரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். அதைவிட நெருங்கினால் இலையில் குவியப்படுத்துங்கள். மரம் கொஞ்சம் மங்கினால் குடி முழுகிவிடாது. துளையை எஃப்/22 வரை சுருக்கிவிடாதீர்கள், படம் முழுவதும் கூர்மை இழந்து சோர்ந்துவிடும். ஈர இலையின் பளபளப்பை நீக்கி நிறத்தை எடுத்துக்காட்ட, லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி நல்லது. ஆனால் நீலவானமும் சட்டத்துக்குள் வந்தால் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளுக்கும். கமரா இல்லாதவர்கள் கைத்தொலைபேசியின் அகலக்கோணத்தைத் தெரிவுசெய்து, தொலைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரையோடு தரையாக வந்துவிடும்.

எங்கள் தெருவில் நிற்பவை பெரும்பாலும் நோர்வே மேப்பிள். அவற்றின் மஞ்சள் இலைகளில் ஒரு சதம் நாணயம் அளவுக்குக் கரும்புள்ளிகள் இருக்கும். பூஞ்சண நோய்தான், மரத்தைக் கொல்லாது. 'நோய் பிடித்த இலை' என்று எல்லோரும் ஒதுக்குவதை நான் தேடி எடுப்பேன். கிட்டப் போய்ப் பாருங்கள்: புள்ளியின் மேற்பரப்பு நெளிநெளியாக மேடுதட்டியிருக்கும். வெள்ளி மேப்பிள் இலை குப்புற விழுந்தால் வெளுத்த அடிப்பக்கம் தெரியும். அழகுக்காக அதைப் புரட்டிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒக்டோபர் கடைசியில் ரொறொன்ரோவில் நண்பகல் சூரியன்கூடத் தொடுவானத்திலிருந்து முப்பது பாகைக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. வெயிலுக்கு எதிரே படுத்தால், நரம்புகள் தெரிய இலை ஒளிவிடும்.

படுக்கச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்காபரோவை ஒட்டிய றூஜ் பூங்காவில், கடித்து லைம் என்ற தொற்றுநோயைப் பரப்பக்கூடிய கருங்கால் உண்ணிகள் உண்டு. குளிர் வந்துவிட்டது, பூச்சி பொட்டு இல்லை என்று நினைக்க வேண்டாம்; வெப்பநிலை 4 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தாலே அவை நடமாடும், சருகுக்குள்தான் பதுங்கும். வெளிர்நிற உடுப்புப் போட்டு, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, ஒரு படங்கை விரித்துப் படுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமயிர் எல்லாம் பாருங்கள். உங்கள் குறிப்பில் லென்ஸ் விலைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

இனி என் கோரிக்கை. வாசகர் படங்களுக்குக் கடைசித் திகதி ஒக்டோபர் 15 என்று போட்டிருக்கிறீர்கள். ஒக்டோபர் இரண்டாவது திங்களன்று வரும் நன்றி நவிலல் விடுமுறையில் கார் வரிசையில் காத்துக் கிடந்து, வடக்கே அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய், 'சிவப்பு முடிந்துவிட்டது' என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அந்தத் திகதி சரி. நகருக்குள் தரை நிறைவது அதற்குப் பிறகுதான். ஓக் மரங்கள் நவம்பரிலும் உதிர்த்துக்கொண்டிருக்கும். திகதியை நவம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளிவையுங்கள். அச்சுக்குப் போகும்போது இடம் போதவில்லை என்று படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் வானத்தை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்யாணப் படப்பிடிப்பாளர்,
ஸ்காபரோ