மேகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்

புதுச்சேரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்துக்காகப் பேரனைக் கூட்டிக்கொண்டு நடுராத்திரி வரை மொட்டை மாடியில் உட்கார்ந்தும், கடைசியில் மேகம்தான் மிச்சம் என்று ஒன்றரைப் பக்கம் புலம்பியிருந்தாய். நான் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலியால் ஒரு மாதமாக வீட்டோடு கிடக்கிறேன். அதனால் நிறையப் படிக்கிறேன். இப்போது பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். அவர் கதைக்கு முன்னால் உன் மேகம் ஒன்றுமே இல்லை.

2004 ஜூன் 8 ஞாபகம் இருக்கிறதா? வெல்டிங் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பிடித்து, சூரியன் மேல் வெள்ளிக் கோள் ஒரு மிளகு போல நகர்வதைப் பார்த்தோமே. அதே காட்சியைத் தேடித்தான் அவர் இந்த ஊருக்குக் கிளம்பினார். பூமியின் பல இடங்களிலிருந்து அந்தக் கடப்பின் நேரத்தைத் துல்லியமாக அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என ஆங்கிலேய வானியலாளர் ஹாலி சொல்லிவைத்திருந்தார். 1761க்கு நாள் குறித்தாகிவிட்டது. பாரிஸ் அறிவியல் அகாடமி லெ ஜாந்தியைப் புதுச்சேரிக்கு அனுப்பியது. 1760 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

நேரம் சரியில்லை. அந்த ஜனவரியில்தான் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் தோற்றிருந்தார். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை முற்றுகையிட, 1761 ஜனவரி 16 அன்று ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. (நம் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே ஜனவரியில்தான்.) கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். இது எதுவும் தெரியாமல் மொரீஷியஸிலிருந்து வந்துகொண்டிருந்த லெ ஜாந்திக்கு, மே மாதம் மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி கிடைத்தது. மாலுமி கப்பலைத் திருப்பிவிட்டார். ஜூன் 6 அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவு. ஆனால் மனிதர் நடுக்கடலில். ஆடுகிற தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறோம் என்பதும் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான். கணக்குக்கு உதவவில்லை.

அடுத்தது எட்டு வருஷம் கழித்து, 1769இல். அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே இருந்துவிட்டார்! மடகாஸ்கரைச் சுற்றி வரைபடம் போட்டார், மணிலாவுக்குப் போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவர் மேல் சந்தேகம். அதற்குள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்ததால் பாரிஸும் இங்கேயே போகச் சொல்லிவிட்டது. 1768 மார்ச்சில் வந்து, இடிந்த கோட்டையின் மேலேயே ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். இன்றைக்குப் பாரதி பூங்கா இருக்கும் பக்கம்தான் அந்தக் கோட்டை. தொலைநோக்கி ஒன்றை இரவல் கொடுத்தது யார் தெரியுமா? மெட்ராஸ் ஆங்கிலேயர்கள்.

1769 ஜூன் 3 இரவு ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் நிலாக்களைப் பார்த்தார். அவ்வளவு சுத்தமான வானம். விடியற்காலை இரண்டு மணிக்கு விழித்தால் மேகம். ஐந்து மணிக்குப் புயல்காற்று மாதிரி ஒன்று அடித்தது. வெள்ளி சூரியனைக் கடந்து முடிகிற வரை திரை விலகவில்லை. அப்புறம் சூரியன் வந்தது, நாள் முழுக்கச் சுட்டெரித்தது. மணிலாவில் அன்று காலை மேகமே இல்லையாம். இரண்டு வாரம் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. நீ ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டாய்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் வேறு. காத்திருந்த நாட்களில் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்குக் கற்றிருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் நம்மவர்களின் கணக்குக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் 41 விநாடி. ஐரோப்பாவில் பெயர் பெற்ற, மாயர் என்ற ஜெர்மன் வானியலாளரின் சந்திர அட்டவணை 68 விநாடி தப்பியது. உன் தாத்தா திண்ணையில் சோழிகளை அடுக்கி, 'கீர்ந ச்ரேய' என்று முணுமுணுப்பாரே, நாம் ஏதோ மந்திரம் என்று பயந்தோமே, அது சந்திர வாக்கியம்! மொத்தம் 248, நாளுக்கு ஒன்று. எழுத்துகளுக்குப் பதில் எண் போட்டால் 3, 0, 2, 1. பின்னாலிருந்து படித்தால் 12 பாகை 03 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை), முதல் நாளில் சந்திரன் நகரும் தூரம். அட்டவணையையே பாட்டாக்கி மனப்பாடம் செய்துவிட்டார்கள். இந்த 248 நாள் சுழற்சியை லெ ஜாந்தியும் குறித்துவைத்திருக்கிறார்.

உடனே இதை வாட்ஸ்அப்பில் பரப்பிவிடாதே. 1825இல் ஆங்கிலேயப் படையில் இருந்த வாரன் என்பவர் இதே ஊரில் சோழிக் கணக்கைப் பார்த்தபோது, கிரகணம் முடியும் நேரம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தப்பியது. ஒரு தடவை 41 விநாடி என்பதில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கும். ஆனால் காகிதம் இல்லாமல், தலைக்குள் வைத்துக்கொண்டே அந்த அளவுக்கு நெருங்கினார்கள் பார், எனக்கு அதுதான் ஆச்சரியம்.

லெ ஜாந்தி 1771 அக்டோபரில் ஊர் திரும்பினார். அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள், அகாடமியில் அவர் இடமும் கைமாறியிருந்தது. வழக்குப் போட்டு அலைந்தார். அப்புறம் கல்யாணம், ஒரு பெண் குழந்தை, பயணத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2026 மார்ச் 3 அன்று மறுபடி சந்திர கிரகணம். முழு மறைப்பு பகலிலேயே முடிந்துவிடும். ஆனால் இங்கே கிரகணம் பிடித்தபடியேதான் நிலா கடலிலிருந்து எழும், 6.47க்கு விட்டுவிடும். அரை மணி நேரம்தான் கிடைக்கும். பேரனோடு முந்தின நாளே வந்துவிடு. தாத்தாவின் சோழிப் பை இன்னும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அதையும் எடுத்து வா. மேகம் மறைத்தால் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
ராமு