புதிய டிஜிட்டல் எக்ஸ்ரே கருவி குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் நிலையத்தில் கேசட் முறையை நிறுத்திவிட்டு, கதிரைப் பிடிக்கும் தட்டையான பலகை (டிடெக்டர்) பொருத்திய டிஜிட்டல் எக்ஸ்ரே கருவியை நிறுவியிருக்கிறோம். டிஜிட்டல் என்றால் கதிர்வீச்சே இல்லை என்று சிலர் எண்ணிக்கொண்டு வருவதால், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவது எங்கள் கடமை என்று கருதுகிறோம்.

1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த அதே எக்ஸ் கதிர்தான் இன்றும் உடலை ஊடுருவுகிறது; உடலைக் கடந்து வரும் கதிரைப் பிடித்துப் படமாக்கும் பகுதி மட்டுமே மாறியிருக்கிறது. கேசட்டுக்குள் இருந்த பாஸ்பர் தகடு அக்கதிரின் ஆற்றலைத் தேக்கிவைக்கும். பிறகு அதைத் தனி இயந்திரத்தில் செருகி, சிவப்பு லேசரால் வரிவரியாக வருடி, அப்போது தகட்டிலிருந்து எழும் நீல ஒளியைப் படமாக்க வேண்டும். புதிய டிடெக்டரிலோ சீசியம் அயோடைடு படிகங்கள் ஊசி ஊசியாக நெருங்கி நிற்கின்றன. மேலே விழும் எக்ஸ் கதிரை அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்ற, அந்த ஒளி பக்கவாட்டில் அதிகம் பரவாமல் ஊசிகளின் வழியே இறங்கி, கீழேயுள்ள சிலிக்கான் அடுக்கில் மின்னூட்டமாகி, புள்ளி புள்ளியாக எண்களாக்கப்பட்டு, சில நொடிகளில் திரைக்கு வந்துவிடுகிறது.

இவ்வகை டிடெக்டர் தன்மேல் விழும் கதிரைப் பழைய தகட்டைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்வதால், குறைந்த கதிரிலேயே தெளிவான படம் எடுக்க முடியும். ஆனால் எடுப்பவர் கவனமாக இருந்தால்தான் அந்த நன்மை உங்களுக்கு வந்து சேரும். பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய்த் தவறு உடனே தெரிந்துவிடும். டிஜிட்டலில் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்துவிடுவதால், கதிர் குறைந்தால் படம் பொரிபொரியாகத் தெரியும். கூடினாலோ படம் இன்னும் அழகாகவே தெரியும். அழகான படத்துக்காகக் கதிரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும் ஆபத்து இதில் உண்டு. ஆகவே ஒவ்வொரு படத்துடனும் கருவி காட்டும் விலகல் எண்ணை எங்கள் டெக்னீஷியன்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று விதித்திருக்கிறோம். அது பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் டிடெக்டரை அடைந்த கதிர் சரியான அளவு. மூன்றைத் தொட்டால் ஏறக்குறைய இருமடங்கு என்று பொருள். சரியாக எடுத்த ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர் அளவு, இயற்கையிலிருந்து நாம் எல்லோரும் சுமார் மூன்று நாளில் பெறும் அளவுதான். இடுப்பு முதுகெலும்புப் படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும் என்பதால், அதை மருத்துவர் எழுதித் தராமல் எடுக்க மாட்டோம்.

படத்தைக் கைப்பேசியில் போட்டோ எடுத்து மருத்துவருக்கு அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டுகிறோம். மூலக் கோப்பில் பல்லாயிரம் சாம்பல் நிலைகள் பதிவாகியிருப்பதால், மருத்துவர் அதைத் திரையில் திருத்தி, ஒரே படத்தில் நுரையீரலையும் அதன் பின்னே மறையும் எலும்பையும் தனித்தனியே பார்க்க முடியும்; போட்டோவில் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். எனவே இனி பிலிமுடன் அந்த மூலக் கோப்பையும் (டைகாம் என்னும் மருத்துவப் பட வடிவில்) சிடியிலோ பென்டிரைவிலோ தருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முன்பு எடுத்த படங்கள் இருந்தால் உடன் கொண்டுவாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் சில வேளை புதிய படமே தேவைப்படாமல் போகும்.

கருவுற்றிருக்கும் பெண்களும், கருவுற்றிருக்கலாம் என்று ஐயப்படுவோரும் அறைக்குள் செல்லும் முன்பே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிலையப் பொறுப்பாளர்