மீட்டரில் 28,412, காலண்டரில் பத்து வருடம்

கோயம்புத்தூர்
3.10.2025

அன்புள்ள கண்ணு,

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. பாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதே படத்தில் மீட்டரைப் பார்த்தேன். 28,412.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம்) மாற்றச் சொல்கிறார்கள், முப்பதாயிரம்கூட ஓடாத வண்டிக்கு அது எதற்கு, பில்லை ஏற்றப் பார்க்கிறார்களா என்று கேட்டாய். நான் வாட்டர் பம்ப், சீல் என்று ஆரம்பித்ததும், "சரிப்பா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாய். முப்பத்து நாலு வருடம் பம்ப் கம்பெனியில் சீல் மாட்டியவனிடம் கேட்டால் வேறு எங்கிருந்து ஆரம்பிப்பான்? கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மாற்றிவிடு. தீபாவளிக்கு இங்கே கிளம்புவதற்குள் மாற்றிவிடு. ஆனால் அந்த சர்வீஸ் பையன் சொன்ன காரணத்துக்காக வேண்டாம்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தணும் மேடம்" என்றானாம். அது அந்தக் காலத்துப் பச்சை கூலன்ட் கணக்கு. துரு பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்திருந்த மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இரண்டு வருடம் அல்லது நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று வைத்திருந்தார்கள். உன் வண்டியில் இருப்பது ஹோண்டாவின் நீல நிறக் கூலன்ட். டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிற புத்தகத்தை எடுத்து அட்டவணையைப் பார். முதல் முறை 2 லட்சம் கிலோமீட்டர் அல்லது 10 வருடம், எது முதலில் வருகிறதோ அது. அதற்கப்புறம் 1 லட்சம் கிலோமீட்டர் அல்லது 5 வருடம்.

நீ ஓட்டுகிற ஓட்டத்துக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஆவதற்குள் பாப்பாவுக்கே பேத்தி பிறந்துவிடும். ஆகவே கிலோமீட்டரை மறந்துவிடு. நாம் வண்டி எடுத்தது 2015 விஜயதசமியன்று. ஃபேக்டரியில் கூலன்ட் ஊற்றியது அதற்கும் முன்னால். விஜயதசமிக் கணக்கில் பத்து வருடம் நேற்றே முடிந்துவிட்டது.

ஓடாத வண்டியில் கூலன்ட் எப்படிக் கெடும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். அதில் பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் என்கிற திரவம். கிளைக்கால் லேசில் தீராது. சூடும் காற்றும் பட்டுப் பட்டு மெல்ல அமிலமாக மாறும், அவ்வளவுதான். அந்த அமிலத்தை அடக்கிக்கொண்டு அலுமினியத்தின் மேல் படலமாக நின்று காப்பது கூட இருக்கிற மருந்து. தீர்ந்து போவது அதுதான். குறைவாக ஓடுகிற வண்டியில் மெதுவாகத் தீரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி சும்மா நின்றாலும் அலுமினியமும் தண்ணீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. பெங்களூரில் குளிரில் உறையாமல் இருக்கக் கூலன்ட் தேவையில்லை. கொதிநிலையை ஏற்றவும், அதைவிட முக்கியமாக அரிக்காமல் காக்கவும்தான் அது. இந்த மருந்து தீர்ந்த பிறகு உள்ளே இருப்பது வெறும் இனிப்புத் தண்ணீர்.

இனிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அது நிஜமாகவே இனிக்கும், அதே அளவுக்கு விஷம். பழையதை பேஸ்மென்ட்டில் வடித்துவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். தெருநாய் நக்கினால் செத்துப்போகும். பாப்பா பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைக்காதே.

உனக்கு அப்போது ஆறு வயது. 1998 மே மாதம், மாருதி 800-ல் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்கிறார்களே அந்த இடத்தில், பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி குப்பென்று கிளம்பியது. மேகம் இறங்குகிறது என்று நீ கை தட்டினாய். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாலைந்து வருடமாக ரேடியேட்டரில் கணபதியில் இருந்த நம் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூலன்ட் என்பது காசு பிடுங்க ஒரு வழி என்று எனக்கும் அப்போது ஒரு நினைப்பு. இன்ஜின் மேல்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பாதிக் குழாய்கள் உப்பு கட்டி அடைத்திருந்தன, நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடி மாதிரி. பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரத்தில் அரிப்பு. நான் தினமும் கையில் பிடிக்கிற சாமான், என் வண்டியில் அதை அந்தக் கதியில் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

அதற்காக அடிக்கடி மாற்றுவதும் புத்திசாலித்தனம் என்று நினைத்துவிடாதே. பக்கத்து வீட்டு மாமா நல்ல கூலன்ட்டை வீணாக மாற்றப்போய் மாட்டிக்கொண்டார். ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்ததை வடித்துவிட்டு வேறு வகையை ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றையும் எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேருவதற்குள் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. நன்றாக இருக்கிற பழையதைவிட அரைகுறையாக ஊற்றிய புதியது மோசம். நாலாவது வருடத்தில் நீ கேட்டிருந்தால், தொடாதே, பாட்டிலைத் திறந்து பார்த்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பார்ப்பது எப்படி என்றால், காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது பார். ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம், பக்கத்தில் இருக்கிற வெள்ளை ரிசர்வ் பாட்டிலே போதும். நீலம் தெளிவாக இருக்க வேண்டும். செம்மண் கலங்கல் மாதிரி இருந்தால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் அது கூலன்ட் விஷயமே இல்லை, உடனே எனக்குப் போன் செய். மீன் தொட்டிக் கடையில் பிஹெச் பார்க்கிற காகிதம் கிடைக்கும், அதை நனைத்துப் பார்க்கலாம். 7-க்குக் கீழே காட்டினால் அமிலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடையில் ஒரு சின்ன டியூபில் உறிஞ்சி, பந்து மிதக்கிறது, நன்றாக இருக்கிறது என்பார்கள். அது கிளைக்கால் எவ்வளவு என்று மட்டும் காட்டும். மருந்து தீர்ந்ததா என்று அந்தப் பந்துக்குத் தெரியாது.

உன் வண்டியில் நிறம் இன்னும் நீலமாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

2021-ல் ஊரடங்கில் வண்டி மாதக்கணக்கில் போர்டிகோவில் நின்றதல்லவா. ஒரு நாள் பார்த்தால் ரிசர்வ் பாட்டிலில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்து லேசாகக் கசிந்திருக்கிறது. கிளிப்பை முறுக்கினேன், அது சரி. ஆனால் கடை எதுவும் திறக்கவில்லை. இன்வெர்ட்டர் பாட்டரிக்கு வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் கையில் இருந்தது. அரை லிட்டர் ஊற்றினேன். அப்புறம் நல்ல கூலன்ட் வாங்கிச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன், செய்யவில்லை. அடுத்த வருடம் இன்னும் அரை லிட்டர். மொத்தமே ஐந்து லிட்டருக்குள் பிடிக்கிற இடத்தில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீர். மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு அப்போதே குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள். 2023-ல் வண்டியை உனக்குக் கொடுத்தபோது டயர், பாட்டரி எல்லாம் சொன்னேன், இதை மட்டும் விட்டுவிட்டேன். மாப்பிள்ளை எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இல்லாவிட்டால் பத்து வருடம் என்பது கல்வெட்டு ஒன்றும் இல்லை, பொங்கலுக்கு வரும்போது இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன். என் அவசரத்தால் உன் வண்டிக்கு அந்த மூன்று மாத அவகாசமும் இல்லாமல் போனது.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அதே நீலம், தண்ணீர் கலந்தே வருகிற வகை, சீல் பிரிக்காத கேன். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதே. நிறம் வெறும் சாயம்தான். டொயோட்டாவினுடையது ரோஸ் கலர், வேறொருவர் பச்சை விற்பார், எந்த நிறத்துக்கு எந்த மருந்து என்று ஒரு சட்டமும் கிடையாது. கெட்டியான வகையை எடுத்து குழாய்த் தண்ணீர் கலக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. ஜப்பான்காரன் கூலன்ட்டில் பாஸ்பேட் இருக்கும். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்தால் அது வெள்ளையாகத் திரிந்து உள்ளே படியும். சிறுவாணித் தண்ணீர் என்றாலும் வேண்டாம், அதைக் குடிக்க வைத்துக்கொள்வோம். அப்புறம், கூடவே ரேடியேட்டர் ஃப்ளஷ் என்று ஒரு மருந்து ஊற்ற வேண்டும் என்பார்கள். வடிவது தெளிவாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மூடியின் ரப்பரையும் ஹோஸ்களையும் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும்.

மாற்றி முடித்ததும் நேரே ஊருக்குக் கிளம்பிவிடாதே. உள்ளே காற்று இருந்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் வெளியேறி லெவல் இறங்கும். உள்ளூரில் ஓட்டிவிட்டு, காலையில் ஆறிய பிறகு பார்த்து, குறைந்த அளவுக்கு அதே கேனில் இருந்து ஊற்று. மீதிக் கேனை டிக்கியில் வை. வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம்தான். திரும்பும்போதுதான் ஏற்றம், ஏசி, அம்மா கட்டிக் கொடுக்கிற மூட்டைகள் எல்லாம் சேரும்.

பில்லில் தேதியும் மீட்டரும் எழுதி வாங்கி, நீலக் கவரில் நான் கொடுத்த ஃபைலில் சேர்த்து வை. அடுத்தது 2030. அப்போது நான் மறந்திருந்தாலும் அந்தக் காகிதம் சொல்லும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். டிஸ்டில்டு வாட்டர் விஷயத்தை நீயே சொல்லிக்கொள். மூன்றாம் நாள் காலை லெவல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு படம் மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா