இடம் விட்டுக் கட்டியவர்களுக்கு நகராட்சி என்ன சொல்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையின் தென்புறநகரில், இருபதடி அகலத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

எங்கள் தெருமுனையில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். அதற்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நின்று இரண்டு கையையும் விரித்தால் இரு சுவரும் தட்டும். மேலே போகப் போக பால்கனியை வெளியே இழுத்துவிட்டதால் அந்தச் சந்தில் பகலிலும் இருட்டுதான். மிச்சமிருந்த இடத்தில் ஜெனரேட்டரை வைத்து, இரும்புப் படிக்கட்டும் போட்டாயிற்று. மழை பெய்தால் அவர்கள் சன்ஷேட் தண்ணீர் பக்கத்து வீட்டு சமையலறை ஜன்னலுக்குள் அடிக்கிறது. அஸ்திவாரம் போடும்போதே நாங்கள் மனு கொடுத்தோம். "ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வந்தது. இப்போது அந்தக் கட்டடத்துக்குச் சொத்து வரி போட்டாயிற்று, கரண்ட்டும் வந்துவிட்டது.

அதே தெருவில் இட்லி சுட்டு விற்று பிழைக்கும் ஒரு அம்மா, காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். உள்ளே அடுப்பும் கிரைண்டரும் மட்டும்தான். அவருக்கு நோட்டீஸ் வந்தது. கெடு முடிந்த மறுநாளே ஆட்கள் வந்து பிரித்துப் போட்டுவிட்டார்கள். செட்பேக்கில், அதாவது கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில், கொட்டகை இருக்கக் கூடாது, சரி. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. கொட்டகையை அளந்த டேப் முனைக் கட்டடத்துக்கு ஏன் போகவில்லை என்பதே எங்கள் கேள்வி.

செட்பேக் என்றால் ஏதோ காற்று வருவதற்கு விடுகிற இடம் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் வேண்டும்தான். ஆனால் தீப்பிடித்தால் மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் நிறைந்த ஹோஸை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓட எங்களுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். ஏணி சாத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு: எட்டும் உயரத்தில் கால் பங்கு தூரம் அதன் அடி சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். 8 மீட்டர் உயர ஜன்னலுக்கு 2 மீட்டர். குறுகலான சந்தில் ஏணி செங்குத்தாக நிற்கும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் யாரும் இறங்க முடியாது. 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் துணிக்கடைக் கட்டடம் எரிந்ததையும், மறுநாள் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்ததையும் ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. அனுமதித்ததற்கு மேல் மாடிகள் கட்டியிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தலாம், பூட்டி சீல் வைக்கலாம். நோட்டீஸ் வாங்கியவர் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்கிறார். அது கிடப்பில் இருக்கும்போதே கட்டடத்தில் ஆட்கள் குடியேறிவிடுகிறார்கள். அதிலும் தோற்றால் இருக்கவே இருக்கிறது, பணம் வாங்கிக்கொண்டு விதிமீறலை ஏற்றுக்கொள்ளும் வரன்முறைத் திட்டம். 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு இந்த ஒரு முறைதான் என்றார்கள். அப்புறம் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள்; 2006-ல் அந்த நீட்டிப்புகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு அதே சட்டத்தில் 113-சி பிரிவைக் கொண்டுவந்து 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கும் வழி செய்தார்கள். நான் வீடு கட்டியபோது பிளானில் காட்டியபடி இடம் விட்டேன், அதனால் ஒரு அறை குறைந்தது. என்னைப் போல எத்தனையோ பேர். விடாமல் கட்டியவர் பணம் கட்டி சரிசெய்துகொள்ளலாம் என்றால் எங்களுக்கு என்ன பதில்?

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. வேலை முடியும் வரை ஒப்புதல் பெற்ற பிளானை கட்டுமான இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பிளான்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தரக் கூடாது. தவறாகச் சான்று கொடுத்த அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் பிளான் ஒட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

நகராட்சி ஆணையருக்கு எங்கள் தெருக்காரர்களின் கோரிக்கை இது: முனைக் கட்டடத்தின் பிளானைக் கொண்டுவந்து, எங்கள் முன்னாலேயே நாலு பக்கமும் அளந்து, அளவை எழுத்தில் கொடுங்கள். மீறல் இருந்தால் அந்த அம்மாவின் கொட்டகைக்குக் கொடுத்த அதே கெடுவை அவர்களுக்கும் கொடுங்கள்.

– ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்,
சென்னை தென்புறநகர்